வேகமாக வளரும் ரிமோட் ஸ்டார்ட்அப்: உள்ளே வேலை எப்படி நடக்கிறது?

ரிமோட் ஸ்டார்ட்அப்பில் வேலை என்றதும் இரண்டு விதமான பேச்சுகள்தான் காதில் விழுகின்றன. லேப்டாப்பைத் திறந்தால் ஆபீஸ், மூடினால் வீடு, கொடுத்து வைத்தவர்கள் என்பது ஒன்று. இரவு பகல் பாராமல் உழைக்க வைத்துவிட்டு, ஒருநாள் ஒரு மின்னஞ்சலோடு கணக்கை முடித்துவிடுவார்கள் என்பது மற்றொன்று. இரண்டும் நடப்பதுண்டு. ஆனால் அந்த வேலை ஏன் அப்படி இருக்கிறது என்பதை இரண்டுமே விளக்குவதில்லை. அங்கே வேலை செய்பவர் தம் நாளின் பெரும்பகுதியை எதில் செலவிடுகிறார், எது அவருக்குச் சிரமமாக இருக்கிறது, அந்தச் சிரமம் எங்கிருந்து வருகிறது என்பவற்றை, இத்துறைக்குப் புதியவர்களுக்கும் விளங்கும்படி சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

## முதலில் சில வரையறைகள்

புதிதாகத் தொடங்கப்படும் எல்லாத் தொழிலும் ஸ்டார்ட்அப் ஆகிவிடாது. லாபம் வருவதற்கு முன்பே முதலீட்டாளர்களின் பணத்தைச் செலவழித்து, குறுகிய காலத்தில் பல மடங்கு வளர முயலும் நிறுவனத்தையே இங்கு ஸ்டார்ட்அப் என்கிறோம். அப்படிப்பட்ட நிறுவனத்துக்கு ஒரு காலக்கெடு எப்போதும் உண்டு. வங்கியில் 12 கோடி ரூபாய் இருக்கிறது, மாதந்தோறும் வரவைவிடச் செலவு 1 கோடி அதிகம் என்றால், 12 மாதங்களில் கை வறண்டுவிடும். இந்த மீதிக் காலத்தை ரன்வே என்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வெறும் பதற்றமாகத் தெரியும் அவசரத்துக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்குத்தான் இருக்கிறது.

ரிமோட் என்ற சொல்லைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். 2020 மார்ச் ஊரடங்கில் நம்மில் பலர் செய்தது, இருந்த அலுவலகத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்ததுதான். அதே ஒன்பதரை மணி, அதே மீட்டிங், நேரில் நடந்தது ஜூமில் நடந்தது. முழு ரிமோட் நிறுவனம் அப்படிப்பட்டதல்ல. அதற்குத் தலைமை அலுவலகமே கிடையாது. ஆகவே "அங்கே" கூடி முடிவெடுத்துவிட்டு "இங்கே" இருப்பவர்களுக்குத் தெரிவிப்பது என்ற வழக்கமும் இருக்க முடியாது. நிறுவனத் தலைவரும் நேற்றுச் சேர்ந்தவரும் ஒரே விதமான திரைக்கு முன்னால்தான் அமர்ந்திருக்கிறார்கள்.

## நான்கு பேர் வீடும் நாற்பது பேர் கல்யாணமும்

நான்கு பேர் இருக்கும் வீட்டில் சமையலுக்கு யாரும் பட்டியல் எழுதுவதில்லை. உப்புத் தீர்ந்துவிட்டதென்றால் அடுக்களையிலிருந்து ஒரு குரல் போதும். அதே வீட்டில் கல்யாணம் என்றால் கதை வேறு. சமையல்காரர் சாமான் லிஸ்ட் கொடுக்கிறார். ஸ்டோர் ரூம் சாவி ஒருவரிடம், பந்தி விசாரிப்பு ஒருவரிடம், தாம்பூலப் பை இன்னொருவரிடம் என்று பொறுப்புகள் பிரிக்கப்படுகின்றன. அப்படியிருந்தும், இலை போட்ட பிறகு சாவி வைத்திருப்பவரை நாலாபுறமும் தேடுவது பல கல்யாணங்களில் நடக்கத்தான் செய்கிறது. இப்போது, அந்தக் கல்யாணத்தை ஒருவர்கூட மண்டபத்துக்கு வராமல், ஆளுக்கொரு நாட்டில் இருந்துகொண்டே நடத்த வேண்டும் என்றும், வேலை செய்பவர்களின் எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். வேகமாக வளரும் ரிமோட் ஸ்டார்ட்அப்பின் நிலை ஏறக்குறைய அதுதான்.

இந்தச் சிரமத்துக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. ஒரு குழுவில் இருவர் இருவராகப் பேசிக்கொள்ள எத்தனை இணைப்புகள் தேவை என்று பாருங்கள். 4 பேருக்கு 6. 10 பேருக்கு 45. 100 பேருக்கு 4,950. ஆள்கள் பத்து மடங்கு கூடினால் இணைப்புகள் நூறு மடங்குக்கு மேல் கூடிவிடுகின்றன. ஐபிஎம் நிறுவனத்தில் ஓஎஸ்/360 என்ற பெரிய மென்பொருள் பணியை நடத்திய ஃப்ரெட் ப்ரூக்ஸ், 1975-இல் இக்கணக்கைக் காட்டித்தான், ஏற்கெனவே தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலையில் மேலும் ஆள்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று வாதிட்டார். புதியவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள், ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருப்பவர்கள்தானே.

அலுவலகம் இருக்கும் நிறுவனத்திலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை. அங்கே அதன் சுமையில் ஒரு பகுதியைக் கட்டடம் தாங்கிக்கொள்கிறது. டீ குடிக்கும் இடத்தில் காதில் விழும் ஒரு வாக்கியம், பக்கத்து மேசைக்காரரின் முகச்சுளிப்பு, மேலாளரின் அறைக்கதவு வெகுநேரம் சாத்தியே இருப்பது என யாரும் சொல்லாமலே எத்தனையோ செய்திகள் பரவிவிடுகின்றன. ரிமோட் நிறுவனத்தில் இவை எதுவும் இல்லை. யாரும் சொல்லாத செய்தி யாருக்கும் தெரியாது.

இதுவரை பார்த்ததன் சாரம்: ஸ்டார்ட்அப்புக்குக் காலக்கெடு உண்டு; வளர்ச்சியோ பேசிக்கொள்ள வேண்டிய இணைப்புகளைப் பெருக்குகிறது; ரிமோட் என்பதால் அவை தானாக நிகழும் வாய்ப்பும் இல்லை. இனி, இதை ஒரு நிறுவனம் எப்படிச் சமாளித்தது என்று பார்ப்போம்.

## கிட்லேப்: வெளிப்படையாகப் பார்க்கக் கிடைக்கும் ஓர் உதாரணம்

மென்பொருள் எழுதுவோர் தங்கள் நிரல்களைச் சேமித்து, ஒருவர் செய்த மாற்றத்தை மற்றவர் சரிபார்த்து இணைப்பதற்கான தளம் கிட்லேப். உக்ரைனைச் சேர்ந்த டிமிட்ரி ஸபரோஜெட்ஸ் 2011-இல் இதை யாரும் இலவசமாகப் பயன்படுத்தி மாற்றிக்கொள்ளத்தக்க திறமூல மென்பொருளாகத் தொடங்கினார். நெதர்லாந்தைச் சேர்ந்த சிட் சிப்ராண்டி அவரோடு சேர்ந்து 2014-இல் அதை நிறுவனமாக்கினார். 2015-இல் கலிஃபோர்னியாவின் ஒய் காம்பினேட்டர் என்ற ஸ்டார்ட்அப் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தபோது அது ஒரு சிறு குழு. 2019-இல் ஒரே ஆண்டில் ஊழியர் எண்ணிக்கை இரட்டிப்புக்கும் மேல் ஆனது. 2021 அக்டோபரில் நாஸ்டாக் பங்குச் சந்தைக்கு வந்தபோது 65-க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 1,350 பேர் இருந்தார்கள். தலைமை அலுவலகம் மட்டும் இல்லை. மேலே சொன்ன கணக்கின்படி 1,350 பேருக்கு 9 லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகள். யாராலும் அத்தனை பேருடன் பேசித் தீர்க்க முடியாது.

கிட்லேப் கண்ட வழி, பேசுவதைக் குறைத்து எழுதுவதைக் கூட்டியதுதான். விடுப்பு எடுப்பது எப்படி, செலவுக் கணக்கு கொடுப்பது எப்படி, ஒரு மென்பொருள் மாற்றத்துக்கு யார் ஒப்புதல் தர வேண்டும் என்பவை எல்லாம் ஒரே கையேட்டில் இருக்கின்றன. அச்சிட்டால் 2,000 பக்கங்களைத் தாண்டும் அந்தக் கையேட்டை ஊழியர் அல்லாதவர்களும் இணையத்தில் படிக்கலாம். அதில் ஒரு விதி சரியில்லை என்று தோன்றினால், நேற்றுச் சேர்ந்த ஊழியரும் திருத்தத்தை எழுதி முன்வைக்கலாம். பொறுப்பானவர் ஏற்றுக்கொண்டால் அதுவே புதிய விதி. பதில் தெரிந்தவர் அதை ஒருவருக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், முதலில் கையேட்டில் எழுதிவிட்டு அந்த இணைப்பை அனுப்ப வேண்டும் என்பது வழக்கம். ஒருமுறை எழுதினால், அடுத்து வரும் நூறு பேர் அதே கேள்வியைக் கேட்க வேண்டியதில்லை.

இன்னொரு ஏற்பாடு கொஞ்சம் முரட்டுத்தனமானது, ஆனால் எனக்குப் பிடித்தமானது. அலுவலக அரட்டைச் செயலியான ஸ்லாக்கில் பதியும் செய்திகள் 90 நாள்களில் அழிந்துவிடும்படி வைத்தார்கள். முக்கியமான முடிவை அரட்டையில் எடுத்துவிட்டு, பிறகு தேடிக்கொள்ளலாம் என்று விட்டுவைக்க வழியில்லை. நிலைக்க வேண்டியதை நிலைக்கும் இடத்தில் எழுதியே தீர வேண்டும்.

## ஒரு கேள்வி கேட்பதற்கு எத்தனை நாள்?

எழுதுவது என்றதும் இலக்கியம் படைப்பது என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் அது, எதிரில் இல்லாத ஒருவருக்குப் புரியும்படி ஒரு கேள்வியைக் கேட்பதுதான். இங்கே ஒரு கலைச்சொல்லைத் தெரிந்துகொள்வது நல்லது. கேட்பவரும் பதில் சொல்பவரும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டிய அவசியமின்றி நடக்கும் வேலைமுறையை அசிங்க்ரனஸ் என்கிறார்கள், சுருக்கமாக அசிங்க். சான் ஃபிரான்சிஸ்கோவில் காலை 9 மணி என்றால் நமக்குக் கோடைக்காலத்தில் இரவு 9.30, குளிர்காலத்தில் இரவு 10.30. நம் வேலைநேரமும் அவர்கள் வேலைநேரமும் தொட்டுக்கொள்வதே இல்லை. ஆகவே அசிங்க் என்பது விரும்பி ஏற்கும் கொள்கை என்பதைவிட, பூமி உருண்டையாக இருப்பதால் வந்து சேர்ந்த கட்டாயம்.

சென்னையில் இருக்கும் ஒருவர் செவ்வாய்க்கிழமை காலை, சான் ஃபிரான்சிஸ்கோவில் இருக்கும் சக ஊழியருக்கு, "வணக்கம், ஒரு சந்தேகம் கேட்கலாமா?" என்று செய்தி அனுப்புகிறார். நேரில் என்றால் இது மரியாதை. இங்கே, "தாராளமாகக் கேளுங்கள்" என்ற பதில் செவ்வாய் இரவு வருகிறது. புதன் காலை அவர், "பில் பக்கம் வேலை செய்யவில்லை" என்று எழுதுகிறார். புதன் இரவு, "எல்லாருக்குமா, சிலருக்கா? என்ன பிழைச்செய்தி வருகிறது?" என்று எதிர்க்கேள்வி. வியாழன் காலை விவரங்கள் போகின்றன. வெள்ளி காலை எழுந்து பார்க்கும்போதுதான் விடை கிடைக்கிறது.

அனுபவப்பட்டவர் அதே செவ்வாய் காலையில் இப்படி எழுதுவார்: "நேற்று மாலையிலிருந்து பில் பக்கம் சில வாடிக்கையாளர்களுக்குத் திறக்கவில்லை. ஜிஎஸ்டி எண் பதியாத கணக்குகளில் மட்டும் இப்படி ஆகிறது. நேற்று மதியம் இணைத்த மாற்றம்தான் காரணம் என்று நினைக்கிறேன். பிழைச்செய்தியைக் கீழே ஒட்டியிருக்கிறேன். நாளைக் காலைக்குள் உங்களிடமிருந்து மறுப்பு வராவிட்டால் அந்த மாற்றத்தை விலக்கிவிடுகிறேன். நான் நினைத்தது தவறென்றால் ஐந்து நிமிடத்தில் பழையபடி சேர்த்துவிடலாம்." புதன் காலை வேலை முடிந்துவிடும். பதில் வராமலே போனாலும் முடிந்துவிடும் என்பதைக் கவனியுங்கள். நிலவரம், காரணம் பற்றிய ஊகம், அடுத்து செய்யப்போவது, தவறினால் என்ன ஆகும் என்பவற்றை ஒரே செய்தியில் அடக்கத் தெரிந்தவரே இங்கு வேகமானவர். நிரல் எழுதுவதில் கெட்டிக்காரராக இருந்தும் இந்தப் பழக்கம் கைவராமல் திணறுபவர்கள் உண்டு. ஆங்கிலம் சரளமாக வராதே என்று தயங்குபவர்களுக்கு ஒரு சேதி: மேலே உள்ள செய்தியில் கடினமான வாக்கியம் ஒன்றுகூட இல்லை.

## சாவி யாரிடம்?

எல்லாரும் எல்லாவற்றையும் படிக்கலாம், எல்லாரும் கருத்துச் சொல்லலாம் என்றால் முடிவெடுப்பது யார்? இதற்கு டிஆர்ஐ என்ற ஏற்பாடு இருக்கிறது. ஒரு வேலைக்கு நேரடியாகப் பொறுப்பேற்கும் ஒற்றை நபர் என்று அதற்குப் பொருள். ஆப்பிள் நிறுவனத்தின் வழக்கத்திலிருந்து மற்ற நிறுவனங்களுக்குப் பரவியது. கருத்துகளைக் கேட்க வேண்டியது அவர் கடமை. எல்லாரையும் சம்மதிக்க வைப்பது அவர் கடமையல்ல.

இப்படி ஒருவர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2017 ஜனவரி 31 இரவு கிட்லேபிலேயே நடந்தது சாட்சி. தரவுத்தளத்தில் திடீரென்று சுமை ஏறியதால், அதன் துணைச் சர்வரில் உள்ள நகல் பின்தங்கிவிட்டது. நெதர்லாந்தில் இருந்த ஒரு பொறியாளர், நள்ளிரவு நெருங்கும் நேரத்தில், வேலையை முடித்துக்கொண்டு எழ வேண்டியவர், அதைச் சரிசெய்ய உட்கார்ந்தார். துணைச் சர்வரில் இருந்த நகலை அழித்துவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும். அழிக்கும் கட்டளையை அவர் முதன்மைச் சர்வரின் திரையில் கொடுத்துவிட்டார். ஓரிரு நொடியில் கண்டுபிடித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி தரவில் 4.5 ஜிபிதான் மிஞ்சியிருந்தது.

சரி, காப்புப் பிரதி இருக்குமே என்று தேடினார்கள். நாள்தோறும் நடப்பதாக எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த காப்புப் பிரதி, மென்பொருள் பதிப்புகள் பொருந்தாததால் உருவாகவே இல்லை. அது தோல்வியடைந்ததை அறிவிக்கும் மின்னஞ்சல்களும், அஞ்சல் அமைப்பில் இருந்த ஒரு குறையால், யாரையும் சென்றடையவில்லை. அன்று அதே பொறியாளர் வேறொரு சோதனைக்காக ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்து வைத்திருந்த நகல்தான் கைகொடுத்தது. இடைப்பட்ட ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். பின்னர் வெளியிட்ட ஆய்வறிக்கையில் அந்தப் பொறியாளரின் பெயர் இல்லை. காப்புப் பிரதிகள் ஏன் முறையாகச் சோதிக்கப்படவில்லை என்ற கேள்விக்கு, அந்த வேலைக்கு உரிமையாளர் என்று ஒருவரும் இல்லாததால் யாரும் பொறுப்பேற்கவில்லை என்று அறிக்கை பதில் சொன்னது. ஸ்டோர் ரூம் சாவி யாரிடமும் இல்லை. எல்லாரும் இன்னொருவரிடம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

சுருங்கச் சொன்னால், எழுத்து செய்தியைக் கொண்டுசேர்க்கும். பொறுப்பை நிர்ணயிக்க ஒரு பெயர் வேண்டும். வேகமாக வளரும் நிறுவனத்தில் புதிய வேலைகள் முளைக்கும் வேகத்துக்குப் பெயர்கள் ஈடுகொடுப்பதில்லை.

## ஓராண்டில் மூத்தவர்

வளர்ச்சி உள்ளே இருப்பவருக்கு எப்படித் தெரிகிறது? ஒரு நிறுவனம் ஓராண்டில் இரட்டிப்பானால், ஆண்டு முடிவில் அங்கிருப்பவர்களில் குறைந்தது பாதிப் பேர் ஓராண்டு அனுபவம்கூட இல்லாதவர்கள். சென்ற ஆண்டு சேர்ந்த நீங்கள் அதற்குள் மூத்தவர்களில் ஒருவர். உங்களுக்கே பாதிதான் புரிந்திருக்கும் விஷயங்களைப் பிறர் உங்களிடம் கேட்கத் தொடங்குவார்கள். நேர்காணல் நடத்துவது, புதியவருக்குத் துணையாக இருப்பது, பழைய ஆவணத்தைத் திருத்துவது என்று உங்கள் சொந்த வேலை அல்லாத வேலைகள் வாரத்தைத் தின்னும். ஆறு மாதத்தில் மேலாளர் மாறலாம். நீங்கள் தனியாகக் கவனித்துவந்த பகுதி மூன்று குழுக்களுக்குப் பிரிக்கப்படலாம். நாம் கட்டிய ஒன்றை இன்னொருவர் கையில் கொடுப்பது எளிதல்ல. ஆனால் கொடுக்க மறுப்பவர் விரைவிலேயே எல்லாருக்கும் முட்டுக்கட்டையாகிவிடுகிறார்.

முதல் வாரம் தனி அனுபவம். யாரும் அழைத்துப்போய் அறிமுகம் செய்துவைப்பதில்லை. வரிசையாகச் செய்து முடிக்க வேண்டிய நீண்ட பட்டியல் ஒன்று திரையில் காத்திருக்கும். கிட்லேப் புதியவருக்கு ஒரு துணைவரை நியமித்து, வேலைக்குச் சம்பந்தமில்லாத அரைமணி நேர அரட்டைகளையும் அந்தப் பட்டியலிலேயே சேர்த்தது. 2018-இல் கேப் டவுனிலும் 2019-இல் நியூ ஆர்லியன்ஸிலும் ஊழியர்களை நேரில் கூட்டியது. இத்தனை திட்டமிட வேண்டியிருப்பதே, தனிமை இந்த வேலையோடு ஒட்டிப் பிறந்தது என்பதைக் காட்டுகிறது. ஸ்லாக்கில் வெறுமனே "சரி" என்று வந்த பதில் கோபமா, அவசரமா, சம்மதமா என்று யோசித்தே ஒரு மாலைப் பொழுது போய்விடும். நம் வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டில் இருப்பவர் சும்மா இருப்பவர் என்றே கணக்கு. கேஸ் சிலிண்டர் வாங்கிவைப்பதிலிருந்து விருந்தினருக்குக் காபி கலப்பது வரை அவர் தலையில்தான் விழும், பெண்ணாக இருந்தால் இரண்டு மடங்கு.

நேரச் சுதந்திரம் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். அது உண்மையாகவே இருக்கிறது. மதியம் பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் "எப்போது வேண்டுமானாலும் வேலை செய்யலாம்" என்பது, எல்லை போடத் தெரியாதவரிடம், எப்போதும் வேலை செய்வதாக மாறிவிடும். உலகின் ஏதோ ஒரு மூலையில் இருந்து செய்தி வந்துகொண்டேதான் இருக்கும்.

## பணம் பற்றிய பேச்சு

ஒரே வேலைக்குச் சென்னையில் இருப்பவருக்கும் சான் ஃபிரான்சிஸ்கோவில் இருப்பவருக்கும் ஒரே சம்பளம் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கிட்லேப் உள்ளிட்ட பல நிறுவனங்கள் ஊழியர் வாழும் ஊரைப் பொறுத்தே ஊதியத்தைக் கணக்கிடுகின்றன. இது நியாயமா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. இந்தியாவில் கிளை இல்லாத வெளிநாட்டு நிறுவனம் உங்களை ஊழியராக அல்லாமல் ஒப்பந்ததாரராகச் சேர்க்கலாம். அப்போது பிஎஃப், கிராஜுவிட்டி போன்றவை கிடையாது, வரிக் கணக்கும் உங்கள் பொறுப்பு.

சம்பளத்தோடு ஈசாப் தருவார்கள். நிறுவனத்தின் பங்குகளைப் பிற்காலத்தில் குறித்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் உரிமை அது. வழக்கமாக நான்கு ஆண்டுகளில் சிறிது சிறிதாகக் கைக்கு வரும். முதல் ஆண்டு முடிவதற்குள் விலகினால் ஒன்றும் கிடைக்காது. கைக்கு வந்த பிறகும் அது பணமாவதற்கு உத்தரவாதம் இல்லை. கிட்லேப் பங்கு 77 டாலருக்கு வெளியிடப்பட்டு, முதல் நாளே 100 டாலரைத் தாண்டி முடிந்தது. அடுத்த ஆண்டில் வெளியீட்டு விலைக்கும் கீழே போனது. 2023 பிப்ரவரியில் அந்நிறுவனம் தன் ஊழியர்களில் 7 சதவீதம் பேரை நீக்குவதாக அறிவித்தது. பங்குச் சந்தை வரை வந்த நிறுவனத்துக்கே இப்படி என்றால், ரன்வே ஓராண்டு மட்டுமே உள்ள நிறுவனத்தின் ஈசாப்பைச் சம்பளமாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

## சேருமுன் கேட்க வேண்டியவை

நேர்காணலின் கடைசியில் "உங்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா?" என்பார்கள். பலர் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். ரன்வே எத்தனை மாதம், என் குழுவில் யார் யார் எந்தெந்த ஊரில் இருக்கிறார்கள், இரவு எட்டு மணிக்கு மேல் வாரத்தில் எத்தனை மீட்டிங், ஊழியரா ஒப்பந்ததாரரா என்று தயங்காமல் கேட்கலாம். மீட்டிங் நேரத்தைக் கேட்கும்போது கோடைக்கும் குளிர்காலத்துக்கும் சேர்த்தே கேளுங்கள். அமெரிக்காவில் கடிகாரத்தை மாற்றும் மார்ச்சிலும் நவம்பரிலும் நம் இரவு ஒரு மணி நேரம் நகரும்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு கேள்வி. அண்மையில் அவர்கள் குழு எடுத்த ஒரு முடிவைச் சொல்லச் சொல்லி, அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது, யார் பொறுப்பில் எடுக்கப்பட்டது என்று கேளுங்கள். ரகசியம் இல்லாத பகுதியைத் திரையில் திறந்து காட்டினால் நல்லது. "அதெல்லாம் எழுதுவதற்கு எங்கே நேரம், ஒரு கால் போட்டால் முடிந்தது" என்று சிரித்தால், அந்த அழைப்புகள் இந்திய நேரப்படி எத்தனை மணிக்கு நடக்கின்றன என்று அடுத்ததாகக் கேட்டுவிடுங்கள்.